சக்கரத் துணி: கார்க் கொட்டில் அலமாரியின் கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு, சிகாகோவின் புறநகர் ஒன்றில் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தபோது நாம் செய்த ஒரு பிழையிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது. விடியற்காலையில் வெளியே நின்ற காரின்மேல் பனித்துளி படிந்திருந்தது. உதவலாமே என்றெண்ணி, வீட்டோடு ஒட்டிய கொட்டிலுக்குள் சென்று, கைக்கெட்டிய தட்டிலிருந்து மஞ்சள் துணி ஒன்றை எடுத்துக் கதவைத் துடைக்கலானோம். "அத்தான், அது சக்கரத் துணி!" என்று கூவியபடி ஓடிவந்தார் மைத்துனர். அதற்குள் காலம் கடந்துவிட்டது. வெயில் ஏறியதும் கருநீல வண்ணத்தில் சிலந்தி வலைபோல நுண்கீறல்கள் மின்னின. அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாலை முழுவதும் குனிந்து நின்று மெருகுப்பசையால் அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடிந்திருந்தால்கூட நமக்கு அவ்வளவு வலித்திராது!

மறுநாள் அந்த அலமாரியை அவரே நமக்கு விளக்கினார். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் சக்கரத்தில் படியும். அதைத் துடைத்த துணி, எத்தனை முறை துவைத்தாலும், வண்ணத்தைத் தொடலாகாது. ஆகவே சக்கரத்துக்குரியவை கீழ்த்தட்டில், உடற்பகுதிக்குரியவை மூடியிட்ட பெட்டிகளில் மேல்தட்டில். சோப்பு நீருக்கு ஒரு வாளி, அழுக்குக் கையுறையை அலசுவதற்கு மற்றொரு வாளி, அடியில் தங்கும் மணல் மேலெழாதிருக்க வாளிக்குள் ஒரு சல்லடைத் தட்டு. நீர் கலந்த மெருகுக் குழம்புகள் உறைந்தால் திரிந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் அவற்றுக்கு வீட்டுக்குள் இடம். நம் பக்கத்தில் 'கராஜ்' என்றாலே பழுது பார்க்கும் பட்டறைதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கருக்கோ அது வீட்டின் ஓர் அறை. அவ்வறையில் இத்தனை ஆசாரம் எப்போது குடிபுகுந்தது?

தேடிப் பார்த்தால், அது காரைவிட மூத்தது. குதிரை வண்டிகளின் மேற்பூச்சு வார்னிஷ். சேறு காய்ந்துவிட்டால் அதன் ஒளி போய்விடும். எனவே வண்டி திரும்பியவுடன் நீரைப் பாய்ச்சிச் சேற்றைக் கரைத்து, கடற்பஞ்சால் ஒற்றி, 'ஷமோய்' எனும் மென்தோலால் ஈரம் வாங்குவார்கள். அச்சு மசகு பட்ட பஞ்சு பெட்டகத்தின் பக்கம் வரக்கூடாது என்ற விதி அப்போதே உண்டு. ஆனால் அதை அறிந்திருக்க வேண்டியவர் வண்டியின் உரிமையாளர் அல்லர்; லாயத்துப் பணியாள். கார் வந்தபின்னும் சில காலம் இதே நிலைதான். செல்வர்களின் கார்கள் பழைய லாயங்களிலோ வாடகைக் கொட்டில்களிலோ நின்றன. அவற்றைக் கழுவ ஆட்கள் இருந்தனர்.

சிகாகோவின் ஹைட் பார்க் பகுதியில் 1910-இல் கட்டி முடிக்கப்பட்ட ராபி இல்லம் இவ்வகையில் நம் கவனத்துக்குரியது. வடிவமைத்தவர் பிராங்க் லாயிட் ரைட். மிதிவண்டித் தொழிலில் இருந்த பிரடெரிக் ராபி கார்ப் பித்தர். பெட்ரோல் தீப்பற்றும் என்று அஞ்சிக் காரை வீட்டுக்கு எட்ட நிறுத்திய அக்காலத்தில், இவ்வீட்டில் மூன்று கார்களுக்கான கொட்டில் வீட்டோடு இணைத்தே கட்டப்பட்டது. உள்ளே இயந்திரத்தைக் கீழிருந்து பார்க்கக் குழி. காரைக் கழுவத் தனி வசதி. கழுவுதல் என்ற வேலைக்குக் கட்டடக் கலைஞர் ஒருவர் வரைபடத்திலேயே இடம் ஒதுக்கியது நமக்கு வியப்பூட்டுகிறது. வேலையாள் கையில் இருந்த வேலை அது என்பதும் உண்மைதான்.

அவ்வேலை உரிமையாளர் கைக்கு மாறியதற்கு இரு காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, எண்ணிக்கை. 1908 முதல் 1927 வரை போர்டின் 'மாடல் டி' கார் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி விற்றது. அதை வாங்கிய உழவரும் எழுத்தரும் கழுவுவதற்கு ஆள் வைப்பார்களா என்ன? இரண்டாவது, வண்ணம். தூரிகையால் பூசிய வார்னிஷ் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் நிறுவனத்தின் 'டியூகோ' என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு 1923-இல் ஓக்லண்ட் கார்களில் நீல நிறமாக அறிமுகமானபோது அது மணிக்கணக்காகச் சுருங்கியது. பல வண்ணங்கள் மலிவாயின. ஆயின் அப்பூச்சு நாளடைவில் மங்கும், மெருகேற்ற வேண்டும். வண்ணம் செய்த நிறுவனமே டியூகோ மெருகையும் விற்றது! 1910-களிலிருந்து விளம்பரமாகி வந்த 'சைமனிஸ்' மெழுகின் பெயர், மெருகிடுதலைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே ஆங்கிலத்தில் நுழைந்தது. ஒரு டப்பா, இரண்டு டப்பா எனக் கொட்டிலில் தட்டு நிரம்பத் தொடங்கியது.

அந்த டப்பாக்களில் இருந்தது பெரும்பாலும் பிரேசிலின் வடகிழக்கு மாநிலங்களில் வளரும் கார்னௌபா பனையின் மெழுகு. வறட்சியில் ஈரம் இழக்காதிருக்க அப்பனை தன் ஓலைமேல் பூசிக்கொள்ளும் காப்பு அது. ஓலையை வெட்டி, உலர்த்தி, அடித்துப் பொடியாக உதிர்ப்பார்கள். எண்பது பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். வெயிலில் நிற்கும் காருக்கு இதைவிடப் பொருத்தமான மெழுகு ஏது? விஸ்கான்சின் மாநிலத்து ரேசின் நகரில் மெழுகு வணிகம் செய்த ஹெர்பர்ட் ஜான்சன், 1935-இல் நீரிலும் இறங்கும் சிகோர்ஸ்கி விமானத்தில் இப்பனையைத் தேடிப் பிரேசிலின் போர்தலேசாவரை பறந்தார். அவர் மகன் சாம் 1998-இல் அதே மாதிரி விமானம் ஒன்றைக் கட்டுவித்துத் தந்தையின் வழியிலேயே பறந்தார்.

பயணம் முடிந்து திரும்பிய ஜான்சன், தம் நிறுவனத்துக்குத் தலைமையகம் கட்டித் தருமாறு அழைத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? அதே ரைட்டை! 1939-இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் புகழ்பெற்ற தூண்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் அவற்றைக் கடந்து செல்வோம். நமக்கு வேண்டியது, ஏறத்தாழ அதே வேளையில் மேடிசன் நகரில் செய்தியாளர் ஜேக்கப்ஸ் குடும்பத்துக்காக அவர் கட்டிய சிறிய வீடு. 1937-இல் 5,500 டாலரில் முடிந்த அவ்வீட்டில் கொட்டிலே இல்லை. கூரை மட்டும் நீண்டு காருக்கு நிழல் தந்தது. 'கார்போர்ட்' என்ற சொல் ரைட்டால்தான் பரவியது. கார் என்ன குதிரையா, லாயம் கட்டுவதற்கு என்பது அவர் கருத்து. செலவு குறைந்தது என்பது ஒருபுறமிருக்க, மூடிய இடம் இருந்தால் மனிதர் பொருளைக் குவிப்பார் என்பதை அவர் அறிந்திருந்தார். ராபி இல்லத்தில் காரைக் கழுவ இடம் தந்தவரே இங்கே வாளி வைக்கும் சுவரையும் எடுத்துவிட்டார்!

அவர் சொல் எடுபடவில்லை. போருக்குப் பின் எழுந்த புறநகர்களில் கொட்டில் வீட்டின் முகப்புக்கே வந்தது. துளையிட்ட மரநார்ப்பலகையைச் சுவரில் பொருத்திக் கொக்கிகளில் கருவிகளை மாட்டும் வழக்கம் பரவியது. 1980-களில் வண்ணத்தின்மேல் ஒளிபுகும் பூச்சு ஒன்று வந்தபோது பழைய விதிகள் மேலும் கடுமையாயின. அந்தப் பூச்சின் ஆழ்ந்த பளபளப்பில் மயிரிழைக் கீறலும் மறையாது. ஜப்பானின் டோரே நிறுவனம் 1970-இல் உருவாக்கிய மிகநுண் இழையின் வழித்தோன்றல்களான துணிகள் மென்தோலின் இடத்தைப் பிடித்தன. அத்துணி அழுக்கை இறுகப் பற்றும். பற்றியதை எளிதில் விடாது. நம் மஞ்சள் துணி செய்த தீங்கின் இரகசியம் இதுவே.

கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 முதல் 2005 வரை லாஸ் ஏஞ்சலிஸ் குடும்பங்கள் 32-இன் வீடுகளைப் பொருள் பொருளாகப் பதிவு செய்தனர். நான்கில் மூன்று கொட்டில்களில் காரை நிறுத்த இடமில்லை. மைத்துனரின் கொட்டிலும் அப்படித்தான். அன்று கார் பனியில் நனைந்ததும் அதனால்தானே? நாம் இதைச் சுட்டியபோது, "தெரியும் அத்தான், அடுத்த வருஷம் ஒழுங்கு பண்ணணும்" என்று சிரித்தார்.

ஊருக்குப் புறப்பட்ட நாளில் கடைசியாக ஒருமுறை அவ்வலமாரியைப் பார்க்கச் சென்றோம். எல்லாப் பெட்டிகளிலும் ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. கீழ்த்தட்டின் பெட்டியில் மட்டும் புதிய சீட்டு ஒன்று. அதில் பெரிய எழுத்தில், தமிழில், 'சக்கரம்'.