ரெண்டு குச்சி, ஒரு சொல்லு

எம்.ஏ. தமிழ் படித்தபோது புறநானூறு நடத்திய ஆசிரியர் ஒருவர், 335ஆம் பாட்டில் வரும் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கு குடிகளைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒனக்கென்னப்பா, ரத்தத்துலயே தாளம் இருக்கு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றுவரை பறை அடிக்கத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் உண்டு. 1994இல் எங்கள் சேரியில், ஊர்ச் சாவுக்கு இனி அடிப்பதில்லை என்று முடிவெடுத்துப் பறைகளை ஒன்றாகப் போட்டுக் கொளுத்தினார்கள். அப்பாவுடையதும் எரிந்தது. நெல்லும் சாராயமும் கொடுத்து, பிணத்துக்கு முன்னால் விடிய விடிய அடிக்கவைத்த ஊருக்கு அது சரியான பதில். இன்றும் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அடிக்கத் தெரிந்த கைகளின் படிப்பும் அதோடு நின்றுபோய், எனக்கு வந்துசேரவில்லை.

பறையை விடாதவர் பெரியப்பா ஒருவர்தான். இருபத்திரண்டு வயதில் அவரிடம் போய் நின்றேன். பறை தோளில் தொங்கும். இடது கையில் நீளமான, மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி. வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. (பேர் ஊருக்கு ஊர் மாறும்.) அடிக்குச்சி தோலின் நடுவில் விழும், சிண்டு மேல்விளிம்பில் படும். பறை ஆடாமல் சட்டத்தைப் பிடித்துக்கொள்வதும் இடது கையின் வேலைதான். எனக்கோ வலது விழுந்தால் இடதும் கூடவே விழுந்தது. ஒன்றை நினைத்தால் மற்றது நின்றது.

"ரெண்டு கையையும் எப்படிப் பெரியப்பா தனித்தனியா நெனைக்கிறீங்க?"

"தனித்தனியா எவன்டா நெனச்சான்? வாய்ல ஒரு சொல்லு ஓடும். கை ரெண்டும் அதப் பங்கு போட்டுக்கும். மொதல்ல குச்சிய வெச்சிட்டு வாயால அடி."

பதினைந்து நாள் வாயால் அடித்தேன். பிறகு வெறுங்கையால் தொடையில். சொல்லில் எது வலதுக்கு, எது இடதுக்கு, எது ரெண்டுக்கும் சேர்த்து என்று பிரிந்து உட்கார்ந்த பிறகுதான் குச்சி. மனசு பிடித்துக்கொண்டிருப்பது ஒரே வரியைத்தான். சாமிச்சாட்டு, மாரடி, வாழ்த்தடி என ஒவ்வொன்றுக்கும் பங்கு வேறு. கை யோசிக்காமல் ஓடத் தொடங்கியபின் கால். அடவு மாறினாலும் அடி பிசகக்கூடாது.

இதே வாய்ச்சொல்லுக்கு மிருதங்கத்தில் சொற்கட்டு என்று பேர். அதற்குக் குருகுலம் உண்டு, சபா உண்டு, புத்தகம் உண்டு. பெரியப்பா வாயில் ஓடினால் அதற்குப் பேர் ரத்தம். பிறப்பிலேயே வந்தது என்று சொல்லிவிட்டால் கற்றுக்கொடுத்தவனை ஆசிரியன் என்று சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். இது பழைய கணக்கு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஆடிய 400 பெண்களின் பெயர் உண்டு, கொட்டியவர்களுக்குப் பங்கு உண்டு. பறைச்சேரி, வரி நீக்கிய நிலக்கணக்கில் ஓர் இடமாக வருகிறது.

ஜெர்மனியின் போக்கும் நகரப் பல்கலைக்கழக ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. சராசரியாக 17 ஆண்டு டிரம்ஸ் வாசித்த 20 பேரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் முன்பகுதியில், வாசிக்காதவர்களைவிட இழைகள் குறைவு, ஆனால் தடிமன் அதிகம். தடித்த இழையில் சேதி வேகமாகப் போகும். இதை நெடுநாள் பயிற்சியோடு சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். பறையைத் தொடவே விடாமல் வைத்திருந்த பெண்கள், 1990களில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் ஆடிக்கொண்டே அடித்தார்கள். அது எந்த ரத்தம்? 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். விருதைவிட அந்த 'ஆசான்' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரியப்பா செத்தபோது நான்தான் அடித்தேன். கை ரெண்டும் ஓடியது. கால் வரவில்லை. அதைச் சொல்லித்தர ஆரம்பித்த சமயத்தில்தான் அவர் படுக்கையில் விழுந்தார்.