ஆட்டோகிளேவின் அடியில் தேங்கிய தண்ணீர்

1881இல் பெர்லினில் ராபர்ட் கோக்கும் அவருடைய உதவியாளர்களும் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகளைக் கொல்ல வழி தேடிக்கொண்டிருந்தார்கள். உலர்ந்த சூடான காற்றில் வைத்தபோது 140 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் தேவைப்பட்டது. கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டியபோது, வெறும் 100 டிகிரியிலேயே, சில நிமிடங்களில் வேலை முடிந்தது. இறுகச் சுற்றிய துணிச் சுருளின் நடுவே வெப்பமானியைச் செருகிப் பார்த்தார்கள். சூடான காற்று மணிக்கணக்கில் முட்டிமோதியும் உள்ளே போகவில்லை. ஆவி சுருளின் நடுமையம் வரை போயிருந்தது.

நாற்பது டிகிரி குறைந்த சூடு எப்படி அதிகம் சாதிக்கிறது? ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 419 கிலோஜூல் வெப்பம் போதும். அந்தக் கொதிநீரை முழுக்க ஆவியாக்க மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதைத்தான். குளிர்ந்த பொருள்மீது பட்டதும் ஆவி மறுபடி தண்ணீராகிறது. அந்த நொடியிலேயே ஒளித்துவைத்திருந்த வெப்பம் முழுவதையும் பொருளுக்குக் கொடுத்துவிடுகிறது. கூடவே ஈரமும் சேர்கிறது. ஈரமுள்ள புரதம் குறைந்த சூட்டிலேயே உறையும், உலர்ந்த புரதம் அடம்பிடிக்கும். ஆகவே ஆவியை அழுத்தத்தோடு அடைத்துவைக்கிற ஆட்டோகிளேவுக்குள் கிருமியைக் கொல்கிற காரியம் ஆவி தண்ணீராகும் இடத்தில்தான் நடக்கிறது.

ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 10 கிலோ எஃகுக் கருவிகளை அறையின் சூட்டிலிருந்து 134 டிகிரிக்கு ஏற்றினால் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. கட்டுத்துணிப் பொதிக்குள் அது தங்கிவிட்டால், கொன்ற துளியே புதுக் கிருமிக்கு வாசல் திறந்துவிடும்: ஈரத் துணி வெளியில் உள்ள அழுக்கை உறிஞ்சி உள்ளே இழுக்கும். இட்லிப் பானையின் மூடியில் கோத்து நிற்கும் நீர் இட்லிமேல் சொட்டாமல் சாய்த்துத் தூக்குவது நம் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரும் பழக்கம். மருத்துவமனைகள் அந்தச் சாமர்த்தியத்தை முழுதாகக் கற்க ஏறத்தாழ நூறு வருடம் ஆயிற்று.

அழுத்தத்தோடு ஆவியை அடைத்துவைக்கிற பாத்திரம் கோக்குக்கு இருநூறு வருடம் முந்தியது. பிரான்சின் ப்ளுவா நகரில் பிறந்த டெனி பாபேன் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தன்னுடைய ‘டைஜெஸ்டரை’க் காட்டினார். கெட்டி எலும்பையும் மிருதுவாக வேகவைக்கும் கனத்த பாத்திரம் அது. வெடித்துவிடாமலிருக்க அவர் வைத்த எடை கட்டிய வால்வு, இன்றைய குக்கர் வெயிட்டின் மூதாதை. 1682 ஏப்ரலில் சொசைட்டியின் உறுப்பினர்களுக்கு அதில் சமைத்தே இரவு விருந்து நடந்தது. ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் அதைப் பதிந்திருக்கிறார். கிருமி என்ற எண்ணமே பிறக்காத காலம். சமையலோடு விஷயம் நின்றுவிட்டது.

அதைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுவந்தது ஒரு சண்டை. உயிர் தானாகவே தோன்றும் என்று வாதிட்ட ஆங்கிலேயர் ஹென்றி சார்ல்டன் பாஸ்டியன், கொதிக்கவைத்த சிறுநீரில் பொட்டாஷ் சேர்த்தால் உயிரினங்கள் முளைப்பதாக 1870களின் நடுவில் லூயி பாஸ்டருக்குச் சவால் விட்டார். பாஸ்டரின் ஆட்கள் தேடிப் பார்த்ததில், 100 டிகிரியைத் தாங்கிப் பிழைக்கிற வித்துகள் இருப்பது உறுதியாயிற்று. சுமார் 120 டிகிரிக்குப் போனால்தான் அவை சாகின்றன; திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டாது. பாஸ்டரின் சீடர் ஷார்ல் ஷாம்பர்லான் பாபேனின் பாத்திரத்தை எடுத்து உயரமான கொப்பரையாக மாற்றினார்; அதுதான் ஆட்டோகிளேவ். அடியில் தண்ணீர், அதன்மேல் கம்பிக்கூடை, திருகி முடுக்கும் மூடி, மூடியில் ஒரு சிறு குழாய்த்திறப்பு. பாரிஸின் வீஸ்னெக் கருவிப்பட்டறை அதைச் செய்து விற்றது.

அந்தச் சிறு திறப்பில்தான் வம்பு இருந்தது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் கொப்பரைக்குள் இருந்த காற்று முழுக்க வெளியேறும்வரை அதைத் திறந்து வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் முன்னதாகவே மூடினார்கள். பிரஷர் கேஜ் முள் சரியான இடத்தில் நிற்கும். உள்ளே சூடு மட்டும் குறைவாக இருக்கும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் காட்டும்போது, காற்று முழுக்க வெளியேறியிருந்தால் உள்ளே 121 டிகிரி. பாதிக் காற்று மிஞ்சியிருந்தால் 112. காற்றே வெளியேறாவிட்டால் ஏறக்குறைய 100 டிகிரிதான். கேஜ் பொய் சொல்லவில்லை. அது அழுத்தத்தைச் சொல்கிறது. அதில் ஆவியின் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. ஐம்பது வருடங்களுக்கு மேலாக உலகெங்கும் ஆட்டோகிளேவ் ஓட்டியவர்கள் இந்த முள்ளை நம்பியே ஓட்டினார்கள்.

அறுவைக்கூடத்துக்கு ஆவி வந்தது 1880களின் பிற்பாதியில். பெர்லினில் எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மான் தம் மருத்துவமனையில் கட்டுத்துணிகளை ஆவியில் காட்டியே பயன்படுத்த வேண்டும் என்று ஆக்கினார். அவருடைய உதவியாளர் கர்ட் ஷிம்மல்புஷ் அதற்காக வடிவமைத்த உலோகப் பெட்டி இன்றும் உயிரோடு இருக்கிறது. சுற்றிலும் துளைகள், துளைகளை மூடித் திறக்க ஒரு வளையம். உள்ளே வைக்கும்போது துளைகளைத் திறந்து வைத்து, வெளியே எடுத்ததும் மூடிவிட வேண்டும். தமிழ்நாட்டின் மருத்துவமனைகளில் ‘டிரம்’ என்று சொல்வது அதன் வாரிசைத்தான். 1895இல் இறந்தபோது ஷிம்மல்புஷ்ஷுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டவில்லை.

டிரம்முக்குள் துணியை நெருக்கித் திணித்தால் அடியில் காற்று சிக்கிக்கொள்ளும். மேலே படிந்த தண்ணீர் கீழே இறங்கித் துணியை நனைக்கும். நனையாமல் இருக்கக் கொப்பரையின் சுவரே சூடாக இருக்க வேண்டும். இதற்கான யோசனை பொறியாளர்களிடம் நூறு வருடமாகக் கைவசம் இருந்தது. இயந்திரத்தின் உருளை, அதனுள் நுழையும் ஆவியின் அளவுக்கே எப்போதும் சூடாக இருக்க வேண்டும், வேண்டுமானால் ஆவியாலேயே அதைச் சுற்றிப் போர்த்தலாம் என்று ஜேம்ஸ் வாட் 1769ஆம் ஆண்டுக் காப்புரிமையிலேயே எழுதியிருந்தார். அதே கொள்கையில் ஆட்டோகிளேவுக்கும் இரட்டைச் சுவர் வந்தது. இரண்டுக்கும் நடுவே ஆவி. ‘ஜாக்கெட்’ என்று பெயர். சுவரில் துளி கோப்பது நின்றது.

இங்கே ஒரு வேடிக்கை. ஈரத்துக்குப் பயந்தவர்கள் ஜாக்கெட்டை மேலும் மேலும் சூடாக்கினார்கள். உள்ளே இருக்கிற ஆவி தன் அழுத்தத்துக்கு உரிய சூட்டைத் தாண்டிப் போயிற்று. அப்படிப்பட்ட ஆவி எளிதில் தண்ணீராவதில்லை. சூடான காற்றைப் போலவே நடந்துகொள்கிறது. சூடு கூடியும் கொல்லும் வலு குறைகிறது என்று எர்வின் ஃபான் எஸ்மார்க் 1888இலேயே சோதித்துக் காட்டியிருந்தார். அதிக ஈரமும் ஆகாது, அதிக உலர்வும் ஆகாது. இந்தக் குறுகிய வரம்புக்குள்தான் தொழில் முழுவதும் நடக்கிறது.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். ஆவியைவிடக் காற்று கனமானது. ஆவியை மேல்பக்கமாக விட்டால் காற்று கீழே அமுங்கும். அடியில் வழி வைத்தால் காற்றும் தேங்கிய தண்ணீரும் ஒன்றாகப் போகும். அந்த வழியில் ‘ஸ்டீம் டிராப்’ ஒன்றைப் பொருத்தினார்கள். எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்த மடிப்புக் குப்பி அதற்குள் இருக்கும். குளிர்ந்த நீரும் காற்றும் வரும்வரை வழி திறந்திருக்கும். சுத்தமான ஆவி வந்து தொட்டதும் குப்பி விரிந்து வழியை அடைக்கும். மறுபடி தண்ணீர் சேர்ந்து ஆறினால் மறுபடி திறக்கும். ஆள் காவல் வேண்டாம்.

பென்சில்வேனியாவின் ஈரி நகரில் இயங்கிய அமெரிக்கன் ஸ்டெரிலைசர் கம்பெனியைச் சேர்ந்த வீடன் அண்டர்வுட் 1930களில் வலியுறுத்திய மாற்றம் பார்வைக்கு அற்பமானது: வெப்பமானியைக் கொப்பரையின் உச்சியிலிருந்து எடுத்து அடிவாய்க்காலில் வைக்க வேண்டும். உச்சிதான் இருப்பதிலேயே சூடான இடம்; அங்கே அளந்து என்ன பயன்? கடைசியாகச் சூடாகிற இடத்தில், தண்ணீர் வெளியேறும் வாயில், 121 டிகிரி வந்துவிட்டால் மற்ற இடங்களைப் பற்றிக் கவலை இல்லை. இந்தத் துறையில் நடந்த மாற்றங்களிலேயே மிக மலிவானதும் மிகப் பெரியதும் இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

பிரிட்டன் இதைக் கவனிக்கத் தாமதித்தது. 1950களின் பிற்பாதியில் அங்கே அறுவைக்கூட ஆட்டோகிளேவ்களைச் சோதித்து ‘லான்செட்’ இதழில் எழுதியவர்களும், ஆறு மருத்துவமனைகளின் நடைமுறையை ஆராய்ந்து 1958இல் வந்த நஃபீல்டு அறக்கட்டளை அறிக்கையும் அன்றைய நிலவரத்தைப் பற்றிக் கவலைதான் தெரிவித்தார்கள். மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1959இல் அளவுகளை வகுத்தது: 121 டிகிரியில் 15 நிமிடம், 134 டிகிரியில் 3 நிமிடம். காற்று தானாக அமுங்கி வெளியேறக் காத்திராமல், ஆவியை விடுமுன்பே பம்பால் உறிஞ்சியெடுக்கும் இயந்திரங்களையும் அது ஆதரித்தது.

அதிலும் ஒரு புதிர் வந்து சேர்ந்தது. கொப்பரை நிறையப் பொதிகளை வைத்தால் எல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஒரு சிறு பொதியை வைத்தால் அதன் நடுவில் சூடு ஏறவில்லை! காரணம் அதே துளி. சுமார் 1,670 பங்கு ஆவி ஒரு பங்குத் தண்ணீராகச் சுருங்குகிறது. பொதிக்குள் ஆவி தண்ணீராகும்போது அங்கே வெற்றிடம் உண்டாகி, சுற்றியுள்ள ஆவியை உள்ளே இழுக்கிறது. அந்த ஆவியோடு கொப்பரையில் மிஞ்சிய கொஞ்சநஞ்சக் காற்றும் வருகிறது. ஆவி தண்ணீராகிவிடும்; காற்று ஆகாது. எல்லாக் காற்றும் அந்த ஒற்றைப் பொதியின் வயிற்றில் சேர்ந்துகொள்கிறது. பல பொதிகள் இருந்தால் அது பகிர்ந்துபோகும். ஒருமுறை உறிஞ்சினால் போதாது, உறிஞ்சுவதும் ஆவி விடுவதுமாக மாறிமாறிச் செய்ய வேண்டும் என்ற இன்றைய முறைக்கு இந்தப் புதிரும் ஒரு காரணம்.

எடின்பரோவின் போவியும் டிக்கும் இப்படிச் சிக்கிய காற்றைக் கண்டுபிடிக்க 1963இல் தந்த சோதனை எளிமையின் உச்சம். சொரசொரப்பான பருத்தித் துண்டுகளை மடித்து அடுக்கி, நடுவே ஒரு தாளில் சூட்டில் நிறம் மாறும் நாடாவைப் பெருக்கல் குறியாக ஒட்டி வைப்பார்கள். 134 டிகிரியில் மூன்றரை நிமிடம். வெளியே எடுத்துப் பார்க்கும்போது குறி முழுக்க ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். நடுவில் வெளிறியிருந்தால் அங்கே காற்று உட்கார்ந்திருந்தது என்று பொருள். இன்று துண்டுகளுக்குப் பதில் ஆயத்தப் பொட்டலம் வந்துவிட்டது. தினமும் காலையில் முதல் சுமைக்கு முன் இதைச் செய்துவிட்டுத்தான் பெரிய மருத்துவமனைகளின் சிஎஸ்எஸ்டி எனப்படும் கிருமிநீக்கப் பிரிவுகள் வேலையைத் தொடங்குகின்றன.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 1972இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் அது நடந்தது. நகரின் பொது மருத்துவமனையின் டெவன்போர்ட் பிரிவில் அறுவைக்குப் பிறகு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றப்பட்ட நோயாளிகள் ஐந்து பேர் இறந்தார்கள். பாட்டில்களுக்குள் பாக்டீரியா வளர்ந்திருந்தது. சிசில் கிளாத்தியர் தலைமையிலான விசாரணைக் குழு அந்தப் பாட்டில்களின் ஆட்டோகிளேவ் சுழற்சி வரை பின்னோக்கிப் போனது. முந்தைய வருடம் ஏப்ரலில் தொழிற்சாலையில் அந்தத் தொகுதி உள்ளே இருந்தபோது, அடிவாய்க்கால் வெப்பமானி உயர வேண்டிய அளவுக்கு உயரவில்லை. கருவி பழுது என்று நினைத்துவிட்டார்கள். மற்ற அளவுகள் ஒழுங்காக இருந்ததால் சுழற்சி தொடர்ந்தது. கருவி சரியாகத்தான் இருந்தது. காற்று அடியில் தங்கி, கீழ்த்தட்டுப் பாட்டில்கள் வேகவே இல்லை. பிறகு நடந்த மாதிரிப் பரிசோதனையிலும் அந்தத் தொகுதி தேறியிருந்தது. அண்டர்வுட் எந்த இடத்தில் அளக்கச் சொன்னாரோ, அந்த இடத்து அளவைத்தான் நம்ப மறுத்தார்கள். பிரிட்டனில் மருந்துத் தொழிற்சாலைகளின் கண்காணிப்பு இதற்குப் பிறகே இறுகியது.

அதற்குப் பின் பார்வை கொப்பரைக்கு வெளியே திரும்பியது. பாய்லரில் தண்ணீர் மட்டம் கூடினால் ஆவியோடு நீர்த்திவலைகளும் கிளம்பி வரும். உறை போடாத நீண்ட குழாயில் வழியிலேயே ஆவி தண்ணீராகும். ஆகவே குழாயைச் சரிவாக அமைக்க வேண்டும். பள்ளங்களில் டிராப் வைக்க வேண்டும். கிளைக்குழாயைப் பிரதானக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், அடியிலிருந்து எடுத்தால் ஓடுகிற தண்ணீரும் சேர்ந்து வரும். ஐரோப்பியத் தரநிலை இ.என். 285 இதற்கெல்லாம் எண்கள் வைத்திருக்கிறது: உலோகக் கருவிகளுக்கு வரும் ஆவியில் எடையளவில் 95 சதவீதமாவது உண்மையான ஆவியாக இருக்க வேண்டும், தண்ணீராகாத வாயுக்கள் 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அளவுக்கு மீறிய சூடு 25 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

சிறு மருத்துவமனைகளில் இந்தக் குழாய்களும் பம்புகளும் இல்லை. ஷாம்பர்லானின் கொப்பரைக்கு நெருங்கிய உறவான நின்ற வாக்கு ஆட்டோகிளேவ், மின்சாரத்தில் அடியில் கொதிக்கும் தண்ணீர், டிரம். அங்கே எல்லாம் ஊழியரின் கையில்: திறப்பை அவசரப்பட்டு மூடாமல் இருப்பது, துணியைத் திணிக்காமல் தளர்வாக அடுக்குவது, டிரம்மின் துளைகளைத் திறந்து வைப்பது, கிண்ணங்களைக் கவிழ்த்தோ சாய்த்தோ வைப்பது, முடிந்ததும் சூடான பொதியைக் குளிர்ந்த மேஜைமேல் வைக்காமல் கம்பித்தட்டில் ஆறவிடுவது. குளிர்ந்த பரப்பில் பட்டால் பொதியின் அடியில் உடனே வியர்க்கும்.

ஈரத்தோடு வெளியே வருகிற பொதியைத் துறைக்காரர்கள் ‘வெட் பேக்’ என்பார்கள். நாடாவில் கோடுகள் கறுத்திருந்தாலும், கேஜும் வெப்பமானியும் சரியாகக் காட்டியிருந்தாலும், அதைக் கிருமி நீங்கியதாகக் கணக்கில் எடுப்பதில்லை. பிரித்து, உறைத்துணியை மாற்றி, முதலிலிருந்து மறுபடி போட வேண்டும்.