யூத நாட்கோடு

சபாத் எனும் ஓய்வுநாள் உலகின் எந்த இடத்தில் முதலில் தொடங்குகிறது என்பதைக் காட்ட யூதச் சட்ட அறிஞர்கள் வகுத்த எல்லையே யூத நாட்கோடு. பசிபிக் கடலில் 180 பாகையை ஒட்டிச் செல்லும் பன்னாட்டுத் தேதிக்கோடு வேறு, இது வேறு. ஏழாம் நாளில் நெருப்பு மூட்டாமல், எழுதாமல், வண்டி ஏறாமல் இருக்கும் யூதர் ஜப்பானுக்கோ ஹவாய்க்கோ புறப்படுமுன், அங்கே ஏழாம் நாள் எது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இக்கணக்கின் வேர் 12ஆம் நூற்றாண்டில் உள்ளது. ஸ்பெயின் கவிஞர் யூதா ஹாலேவி ‘குசாரி’ நூலில் இதை எழுப்பினார். அடுத்த தலைமுறையின் செரகியா ஹாலேவி, பிறை பற்றிய தல்மூது பகுதி ஒன்றுக்கு உரை எழுதும்போது இதை விரித்தார். யூத நாள் மாலையில் தொடங்குவது. எருசலேமில் உச்சிப்பொழுதாகும்போது அதற்கு 90 பாகை கிழக்கே பொழுது சாய்கிறது. நாளின் பிறப்பிடம் அதுவே என்பது அவர்கள் முடிவு.

எட்டு நூற்றாண்டுகள் பெரும்பாலும் ஏட்டில் கிடந்த இந்தக் கேள்வி 1941இல் உயிர்பெற்றது. லிதுவேனியாவின் கவுனாசில் ஜப்பானியத் துணைத்தூதர் சியூனே சுகிஹாரா வழங்கிய விசாக்களால் தப்பிய மீர் யூதச் சமயக்கல்லூரியினர் ஜப்பானின் கோபே நகருக்கு வந்திருந்தனர். யோம் கிப்பூர் நோன்பு அக்டோபர் 1, புதனா, மறுநாளா? உயிர் தப்பி வந்த அகதிகள் நோன்பு நாள் கேட்டு எருசலேமுக்குத் தந்தியடித்தார்கள். தலைமை ரப்பி ஹெர்சோக் கூட்டிய அவை புதன் என்றது. பினேய் பிராக்கில் வாழ்ந்த ரப்பி காரெலிட்ஸ் (‘ஹசோன் இஷ்’) வியாழன் என்றார். பெரும்பாலான அகதிகள் அதற்குள் ஷாங்காய் போயிருந்தனர்.

ஹசோன் இஷ் கோடு ஏறத்தாழ கிழக்கு 125 பாகையில் செல்கிறது. அது வெட்டும் நிலப்பரப்பு முழுவதும் மேற்கோடு சேரும் என்பதால் ஆஸ்திரேலியா தப்புகிறது. கோட்டுக்குக் கிழக்கே உள்ள தீவுகளான ஜப்பானும் நியூசிலாந்தும் சிக்குகின்றன; அங்கே உள்ளூர் ஞாயிறே சபாத்தாகிறது. ரப்பி துகாசின்ஸ்கியின் கோடு எருசலேமுக்கு நேர் எதிரே, மேற்கு 145 பாகையருகே உள்ளது. அதன்படி ஹவாயின் வெள்ளியே சபாத்.

நடைமுறையில் உள்ளூர்க் கணக்கே வென்றது. ஜப்பான் செல்வோர் சனிக்கிழமையை முழுச் சபாத்தாகக் கொள்ளலாம். பேணுதல் மிக்கோர் ஞாயிறன்றும் சமைப்பதையும் எழுதுவதையும் தவிர்த்து, வழிபாட்டை மட்டும் வாரநாள் முறையில் செய்கின்றனர். கோபேயின் ஓஹெல் ஷெலோமோ தொழுகைக்கூடத்தில் சபாத் வழிபாடு சனிக்கிழமையே நடைபெறுகிறது.