பாலில்லாத் தேநீரும் இதய நலமும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வர டீ, பிளாக் டீ என்று அழைக்கப்படும் பாலில்லாத் தேநீர் இதயத்திற்கு நல்லதா என்னும் கேள்வியை இரத்த அழுத்த நோயாளர்களும் அவர்களைப் பராமரிப்போரும் அடிக்கடி எழுப்புகின்றனர். சர்க்கரை சேர்க்காமல் நாளொன்றுக்கு 2 அல்லது 3 குவளை அருந்துவது பெரும்பாலானோருக்குத் தீங்கற்றது. சிறிதளவு நன்மையும் தரக்கூடும். ஆயினும் அது மருந்தன்று. மாத்திரைக்கு மாற்றாகவோ, நெஞ்சுவலிக்குக் கைவைத்தியமாகவோ அதனைப் பயன்படுத்தும்போது உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

தேயிலை செய்யும் வேலை

பச்சைத் தேயிலையும் கருப்புத் தேயிலையும் ஒரே செடியின் இலைகளே. குன்னூர், கோத்தகிரி போன்ற இடங்களிலுள்ள தொழிற்சாலைகளில் இலையை நசுக்கிக் காற்றுபடச் செய்யும்போது அது கருமை அடைகிறது. தேநீரின் செந்நிறத்திற்குக் காரணமான தியாஃபிளேவின், தியாரூபிஜின் ஆகியவை அப்போதுதான் உருவாகின்றன. ஃபிளேவனாய்டு என்னும் பொதுப்பெயர் கொண்ட இத்தகைய பொருள்கள், இரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதற்குத் துணைபுரிகின்றன. அதனால் குழாய் சற்றுத் தளர்ந்து விரிவடைகிறது.

இதன் பயன் எவ்வளவு என்பதே முக்கியம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 95 பேரிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 3 குவளை கருப்புத் தேநீரை 6 மாதங்கள் அருந்தியவர்களின் இரத்த அழுத்தம் 2 முதல் 3 மி.மீ. அளவே குறைந்திருந்தது. வழக்கமான அளவில் உட்கொள்ளும் ஒரு இரத்த அழுத்த மாத்திரையோ மேல் அழுத்தத்தை ஏறத்தாழ 8 முதல் 10 மி.மீ. வரை குறைக்கிறது. தேநீர் குடிப்பதால் மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுப்போர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரைப் 11 ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2022-இல் வெளியானது. நாளொன்றுக்கு 2 குவளை அல்லது அதற்கு மேல் தேநீர் அருந்தியவர்களிடம் இறப்பு அபாயம் 9 முதல் 13 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குடித்தது கருப்புத் தேநீரே. எனினும் இது மக்களைக் கவனித்துப் பதிவு செய்த ஆய்வு மட்டுமே. தேநீரால்தான் அவர்கள் நீண்டநாள் வாழ்ந்தனர் என்று இதைக்கொண்டு உறுதியாகக் கூற இயலாது.

பால் சேர்த்தால் நன்மை போய்விடுமா? 2007-இல் ஜெர்மனியின் பெர்லினில் 16 பெண்களிடம் நடத்தப்பட்ட சிறிய ஆய்வு, பாலிலுள்ள கேசின் புரதம் இரத்தக்குழாய் விரிவைத் தடுப்பதாகக் கூறியது. மேற்கண்ட பிரிட்டன் ஆய்விலோ, பால் சேர்த்தோருக்கும் சேர்க்காதோருக்கும் வேறுபாடு தெரியவில்லை. எனவே பாலைப் பற்றி நீங்கள் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைக்குரியது சர்க்கரையே.

சர்க்கரையும் வெல்லமும்

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். குவளைக்கு 2 கரண்டி வீதம் நாளில் 5 முறை அருந்தினால் 50 கிராம் ஆகிறது. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு சுமார் 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. தேநீரால் கிடைக்கும் 2 மி.மீ. பயனை, இந்த 50 கிராம் தரும் உடற்பருமனும் இரத்தச் சர்க்கரை உயர்வும் எளிதில் விழுங்கிவிடும்.

அஸ்காவை விட்டு வெல்லத்திற்கு மாறினால் போதும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் பகுதிகளில் காய்ச்சப்படும் வெல்லமாயினும் நாட்டுச்சர்க்கரையாயினும், அவற்றின் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரையே. நீரிழிவு உள்ளவருக்கு அவை பாதுகாப்பானவை அல்ல. இனிப்பை ஒரே நாளில் நிறுத்துவது கடினமாயின், வாரத்திற்கு அரைக்கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். கடையில் “சர்க்கரை கம்மி” என்பதைவிடச் “சர்க்கரை வேண்டாம்” என்று கேட்பதே நல்லது. கடைக்காரரின் ‘கம்மி’ எவ்வளவு என்பது உங்கள் கையில் இல்லை.

குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளில் இரவுப்பணி புரிவோரும், நாமக்கல்லிலிருந்து நெடுந்தொலைவு லாரி ஓட்டுவோரும் பசியையும் உறக்கத்தையும் தள்ளிப்போடத் தேநீரை நாடுகின்றனர். உணவுக்குப் பதிலாகத் தேநீர், அதனுடன் ஒரு பீடி அல்லது சிகரெட் என்பது இதயத்திற்குக் கேடான பழக்கம். புகையின் தீங்கைத் தேயிலை ஈடுசெய்யாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இதயச் செயலிழப்புக்காக நாளொன்றுக்கு இவ்வளவு நீர்தான் அருந்த வேண்டும் என்று மருத்துவர் வரையறுத்திருந்தால், தேநீரும் அந்த அளவில் சேரும். பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தண்ணீரை அளக்கின்றனர். தேநீரைக் கணக்கில் எடுப்பதில்லை. படபடப்பு, சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவர்கள் தேநீருக்குப்பின் அது அதிகரிக்கிறதா எனக் கவனித்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஒரு பெரிய குவளையில் 40 முதல் 50 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். காஃபின் சிறிது நேரம் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதால், அழுத்தம் பார்ப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் தேநீர் அருந்தாதீர்கள்.

தேயிலையின் டானின், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. இரத்தசோகை இதயத்தின் வேலைப்பளுவைக் கூட்டும். ஆகவே சாப்பாட்டிற்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மற்ற மாத்திரைகளையும் வெறும் தண்ணீரில் விழுங்குவதே முறை. இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகள் 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிற்கே வழங்கப்படுகின்றன. அழுத்தம் சரியாகிவிட்டது என்று நீங்களாக அவற்றை நிறுத்தாதீர்கள். சரியாக இருப்பது அவற்றை உட்கொள்வதாலேயே.

நெஞ்சுவலியை வாயு என்று கருதாதீர்கள்

நடுநெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றிற்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களிடமும் பெண்களிடமும் வலியே இல்லாமல் வெறும் சோர்வும் குமட்டலும் தோன்றக்கூடும். இவற்றை வாயுப்பிடிப்பு என்று எண்ணி, இஞ்சி தட்டிய வர டீயோ எலுமிச்சை பிழிந்த சோடாவோ கொடுத்துவிட்டுக் காத்திருப்பது நம் வீடுகளில் வழக்கமாக உள்ளது. அடைபட்ட குழாயைத் திறப்பதற்கான சிகிச்சை முதல் சில மணி நேரத்திலேயே மிகுந்த பயன் தரும். ஏப்பம் வருகிறதா எனப் பார்த்திருக்கும் நேரத்தில் இதயத்தசை அழிந்துகொண்டிருக்கும்.

நோயாளியை நடக்கவிடாமல் அமரச் செய்து, உடனே 108-ஐ அழையுங்கள். உண்ணவோ அருந்தவோ எதுவும் கொடுக்க வேண்டாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கே முதலில் செல்ல நேர்ந்தால், 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளின் முதல் தவணை அங்கேயே வழங்கப்பட்டு, அதன்பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும் பழைய இ.சி.ஜி. தாள்களையும் ஒரே பையில் வைத்திருந்து, ஆம்புலன்சில் ஏறும்போது உடன் எடுத்துச் செல்லுங்கள்.