அலமாரிக்குப் பூட்டு

புனேயில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். போன வாரம் ஃப்ளோரிடாவிலிருந்து அக்கா போன் செய்தாள். பையனை எதிர்வீட்டுக்கு விளையாட அனுப்பணும், "உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா, பூட்டி வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டால் தப்பா நினைச்சுப்பாங்களோ என்று அவளுக்குத் தயக்கம். அதன்பிறகு தோண்டிப் படித்ததுதான் இது.

அமெரிக்காவில் இதற்கு முதலில் சட்டம் போட்டதே ஃப்ளோரிடாதான். 1989 ஜூனில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துக் குழந்தைகள் வீட்டுத் துப்பாக்கிகளால் சுடப்பட்டார்கள். இழுத்தடித்த சட்டசபை, சிறப்புக் கூட்டத்தில் அவசரமாக நிறைவேற்றியது. ஆளுநர் பாப் மார்ட்டினெஸ் (அங்கே ஆளுநர் ஓட்டு வாங்கி ஜெயித்து வருபவர்) கையெழுத்திட்டார். 16 வயதுக்குட்பட்ட பிள்ளை எடுக்கக்கூடும் என்று தெரிந்தால், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டணும், அல்லது விசைக்குப் பூட்டுப் போடணும். ஆனால் பிள்ளை கைக்குப் போன பிறகுதான் வழக்கே. அதற்கு முன் யாரும் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பதில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

மாசசூசெட்ஸ் 1998-ல், வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூட்டணும் என்றது. வாஷிங்டன் நகரின் பூட்டு விதியை 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என ரத்து செய்தது. தற்காப்புக்கு அவசரத்தில்கூட எடுக்க முடியாது என்பது காரணம். விபத்தைத் தடுக்கும் மற்ற சட்டங்களைத் தொடவில்லை.

மிஷிகனில் 2021-ல், அப்பா வாங்கிய துப்பாக்கியோடு பள்ளிக்குப் போன 15 வயதுப் பையன் 4 மாணவர்களைக் கொன்றான். அங்கே சட்டம் வந்தது 2023-ல், அமலானது 2024 பிப்ரவரியில்.

அக்கா கேட்டேவிட்டாள். எதிர்வீட்டம்மா கோபிக்கவில்லை. "இருக்கு, மேல் தட்டுல உயரமா வச்சிருக்கோம்" என்றாராம். இப்போது இரண்டு பையன்களும் அக்கா வீட்டில்தான் விளையாடுகிறார்கள்.