நேரம் காணுமா? போதுமையின் மொழியும் கொழும்புத் தொழிலாளர் வரலாறும்

நேரத்தின் போதுமையை மொழிகள் எவ்வாறு உணர்த்துகின்றன என்பது வெறும் இலக்கண வினா அன்று. ஆங்கிலத்தில் 'இனஃப்' என்னும் சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னின்று 'இனஃப் டைம்' என்றும், பெயரடைக்குப் பின்னின்று 'லோங் இனஃப்' என்றும் வழங்கும். முன்னையது நேரத்தை ஒருவர் கைவசமுள்ள பொருளின் அளவாகக் கொள்ளும். பின்னையது நீட்சியை ஒரு தேவையோடு ஒப்பிட்டு அளக்கும். ஈழத்துப் பேச்சுத் தமிழிலோ 'எனக்கு நேரம் காணாது' என்கிறோம். இங்கு ஆள் நான்காம் வேற்றுமை ஏற்க, நேரமே எழுவாயாகின்றது.

இவ்வேறுபாட்டைக் கொண்டு ஆங்கிலேயர் காலத்தை உடைமையாகவும் தமிழர் அதனை இயற்கையாகவும் கண்டனர் என முடிவுகட்டுதல் எளிது. ஆயின் அது கருத்துமுதல்வாதத் தவறு. நேரத்தைச் செலவழித்தல், மிச்சம்பிடித்தல் ஆகிய வழக்குகள் இன்று தமிழிலும் உள. நேரத்தைப் பணத்தோடு சமன்செய்து பெஞ்சமின் பிராங்ளின் இளம் வணிகனுக்கு அறிவுரை எழுதியது 1748இல். கடிகாரம் காட்டும் நேரத்துக்குத் தொழிலாளரைப் பழக்கியது கைத்தொழில் முதலாளித்துவமே என்பதை இ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். எனவே, போதுமையின் இலக்கணத்தோடு அதன் சமூக அடித்தளத்தையும் நாம் நோக்குதல் வேண்டும்.

கொழும்பு இதற்குத் தக்க சான்றாகும். கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது 1857இல். அதற்கு அணித்தான கொட்டாஞ்சேனையில் கோயிற் பூசையின் காலமும் துறைமுக வேலையின் காலமும் அருகருகே இயங்கின. பூசைக்குப் போதிய நேரத்தைச் சடங்கே வரையறுத்தது. துறைமுகத்திலோ கப்பலின் வரவும் சரக்கின் அளவும் வரையறுத்தன. 1927ஆம் ஆண்டுத் துறைமுக வேலைநிறுத்தம், அந்த வரையறையை முதலாளிமார் கையில் மட்டும் விட்டுவிடத் தொழிலாளர் ஆயத்தமாயில்லை என்பதைக் காட்டிற்று.

வெள்ளவத்தை நூற்பு நெசவாலை வேலைநிறுத்தம் 1933இல் நிகழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின் சூழலில் கூலிக் குறைப்பை எதிர்த்து எழுந்த அப்போராட்டத்தில் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் முன்னின்றனர். தொழிலாளருட் பெரும்பாலோர் மலையாளிகள். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் இந்திய எதிர்ப்புணர்வின்பாற் சாய்ந்து அப்போராட்டத்தை எதிர்த்தமை மனங்கொள்ளத்தக்கது. கூலி குறையும்போது அதே நேரம் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றது. முன்னர் வயிற்றுக்குக் காணுமாயிருந்த நாள் இப்போது காணாமற் போகின்றது. ஆகவே, கூலிப் போராட்டம் யாவும் ஒருவகையில் நேரப் போராட்டமே எனலாம்.

எவ்வளவு வேலை போதும் என்பதற்குச் சர்வதேசத் தொழில் தாபனம் 1919இலேயே நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 48 மணித்தியாலம் என விடை கூறிற்று. இலங்கையில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வரையறுத்தது. உணவுக்கும் ஓய்வுக்குமுரிய இடைவேளை இக்கணக்கிற் சேராது. காலி வீதிக் கடைச் சிப்பந்தி 'போதும்' என்று சொல்வதற்குச் சட்டத்தின் துணை கிட்டியது அவ்வாறே.

ஆயின் அச்சட்டம் அடுக்களை வாயிலோடு நின்றுவிட்டது. வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டோரை அது தழுவவில்லை. மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து கொழும்பு நடுத்தர வர்க்கத் தமிழ் இல்லங்களில் உழைத்த பெண்களும் சிறுவரும் விடியுமுன் எழுந்து, வீட்டார் உறங்கிய பின்னரே படுத்தனர். நேரம் காணவில்லை என்று எழுத்தாளரும் ஆய்வாளரும் குறைப்பட்டுக்கொண்ட அவ்வில்லங்களில், அவர்தம் எழுத்துக்கும் ஆய்வுக்கும் வேண்டிய ஓய்வைத் தந்தது இவர்களின் உழைப்பே. ஆலை முதலாளியிடம் எட்டு மணித்தியாலம் கேட்ட முற்போக்காளரான நாம், நமது அடுக்களையில் அக்கணக்கை எழுப்பினோமா?

போதிய நேரம் என்னும் தொடரை எம்மொழியிற் சொன்னாலும், யாருக்குப் போதியது, எதற்குப் போதியது, அதை அளப்பவர் யார் என்னும் வினாக்கள் அதனுள் உறைகின்றன. இவற்றுக்கான விடையை இலக்கணம் தராது, வரலாறே தரும்.