படம் பார்க்கக் கற்ற மாணாக்கர்

எழுத்தைக் கற்பதற்கு ஆசிரியர் வேண்டும் என்பதும், கணக்கைக் கற்பதற்குப் பயிற்சி வேண்டும் என்பதும் யாவரும் ஒப்புக்கொண்ட விஷயங்கள். ஆனால் ஒரு சினிமாப் படத்தைப் பார்ப்பதற்கும் கல்வி வேண்டும் என்று எவரேனும் கூறின், நம்மிற் பலர் நகைப்பர். கண் படைத்தவர் யாவரும் காண்கின்றனர். கொட்டகையில் அமர்ந்தவர் யாவரும் கதையை அறிந்து வெளிவருகின்றனர். இதில் கற்பதற்கு யாதுளது என்று வினவுவர். இவ்வினாவிற்கு வாதத்தினால் விடையிறுப்பதைக் காட்டிலும் ஒரு சரித்திரத்தினால் விடையிறுத்தல் நன்றெனக் கருதி இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

இச்சரித்திரம் நம் குடும்பங்களுக்கு வேண்டப்படுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்நாளில் நம் இல்லங்களிலுள்ள பிள்ளைகளும் பெண்களும் திரைப்படக் கலையைப் பயில விரும்புகின்றனர். அதனைச் செவியுற்ற பெற்றோர் அஞ்சுகின்றனர். பிள்ளை கற்கின்றானா, அல்லது பொழுதைப் போக்குகின்றானா என்பதை அறிந்துகொள்ள அவர்களிடம் ஓர் அளவுகோல் இல்லை. அவ்வளவுகோலை வங்காளத்தில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கை நமக்குத் தருகின்றது. அவர்தாம் சத்யஜித் ராய்.

ராய் 1921-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி கல்கத்தாவிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் உபேந்திரகிசோர் ராய் சௌதுரி அச்சுத் தொழிலில் வல்லுநர். 1913-இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் பத்திரிகையைத் தொடங்கியவர். தந்தையார் சுகுமார் ராய் சிறுவர்க்கு நகைச்சுவைப் பாடல்கள் இயற்றிப் புகழ் கொண்டவர்; 1923-இல் அகால மரணமடைந்தார். அப்பொழுது குழந்தைக்கு மூன்று வயதும் நிறையவில்லை. குடும்பத்தின் அச்சுக்கூடமும் பின்னர்க் கைவிட்டுப் போயிற்று. தாயார் சுப்ரபா தேவியார் மகனை அழைத்துக்கொண்டு தம் சகோதரர் இல்லத்தில் வாழ்ந்து அவரை ஆளாக்கினார். ஆகவே, செல்வச் செருக்கினால் கலையில் விளையாடியவர் அல்லர் ராய் என்பதை முதற்கண் நம் அன்பர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பள்ளிப் பருவத்தில் ராயும் ஏனைய சிறுவரைப் போலவே படங்களில் மோகங்கொண்டு திரிந்தவர்தாம். நட்சத்திரங்களைப் பற்றிய ஆங்கிலப் பத்திரிகைகளைத் தேடிப் படித்தார். ஆயினும் நாளடைவில் அவருடைய கவனம் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் பெயர்ந்தது. நடிப்பவர் யாவர் என்று கேட்டதை விடுத்து, இதனை ஆக்கிய டைரக்டர் யாவர், அவர் ஏன் இங்ஙனம் ஆக்கினார் என்று கேட்கத் தொடங்கினார். கேள்வி மாறிய அன்றே ரசிகர் மாணாக்கராயினார் எனலாம்.

கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றபின், தாயாரின் விருப்பத்திற்கிணங்கி 1940-இல் சாந்திநிகேதனம் சென்று ஓவியம் பயின்றார். அங்கு நந்தலால் போஸ், வினோத விஹாரி முகர்ஜி ஆகிய பேராசிரியர்களிடம் கோட்டையும் உருவையும் கூர்ந்து நோக்கக் கற்றார். அஜந்தா, எல்லோரா முதலிய இடங்களுக்கும் யாத்திரை செய்து பண்டைச் சிற்பியரும் ஓவியரும் கல்லிலும் சுவரிலும் கதை சொல்லிய வகையைக் கண்டார். சாந்திநிகேதனத்துப் புத்தகசாலையிலே திரைப்படக் கலையைப் பற்றிய சில ஆங்கில நூல்களும் அவர் கைக்கு எட்டின. 1942-இன் இறுதியில் படிப்பை முற்றுவியாமலே கல்கத்தாவிற்குத் திரும்பி, அடுத்த ஆண்டு ஒரு பிரிட்டிஷ் விளம்பரக் கம்பெனியில் மாதம் 80 ரூபாய்ச் சம்பளத்தில் சித்திரக்காரராக அமர்ந்தார்.

இதனோடு ஒரு புத்தகப் பிரசுராலயத்திற்கு அட்டைப் படங்களும் உட்படங்களும் வரைந்து கொடுத்தார். அங்ஙனம் வரைந்தவற்றுள் ஒன்று, விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் இயற்றிய 'பதேர் பாஞ்சாலி' என்னும் நாவலின் சிறுவர்க்குரிய சுருக்கப் பதிப்பு. பல பக்கங்களில் விரியும் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே படம் வரைய வேண்டுமாயின், எந்தக் கணத்தை எடுப்பது, எவற்றை விடுப்பது என்று ஆராய்ந்தே தீர வேண்டும். திரைக்கலையின் முதற்பாடமும் இதுவே. வயிற்றுப்பாட்டிற்குச் செய்த வேலையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

நிற்க. அவர் படங்களை ஆராய்ந்த முறையை இனிக் கூறுவோம். இக்கட்டுரையின் உயிர்நாடி இதுவே.

அக்காலத்தில் ஒரு படத்தை நிறுத்தி வைத்துப் பார்க்க இயலாது. பின்னோக்கிச் செலுத்தவும் இயலாது. கொட்டகையில் ஓடும்பொழுது கண்டதே காட்சி. ஆதலின் ராய் ஒரே படத்தைப் பன்முறை சென்று பார்த்தார். இருளில் அமர்ந்தவாறே, காட்சிகள் வெட்டப்படும் முறையையும் டைரக்டர்களின் போக்கையும் தமக்கு மட்டும் விளங்கும் குறிகளால் குறித்துக்கொண்டார். முதன்முறை கதையில் மனம் ஈடுபடும். மறுமுறைகளில் கதை தெரிந்துவிட்டமையால், அது சொல்லப்படும் வகையைக் காண மனம் விடுதலை பெறும்.

இதனினும் சிறந்தது அவர் கைக்கொண்ட மற்றொரு பழக்கம். ஏதேனும் ஒரு நாவலையோ கதையையோ படமாக்கப் போவதாக அறிவிப்பு வெளிவரின், அப்படம் வருமுன்னரே ராய் அக்கதைக்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதி வைப்பார். பின்னர்ப் படம் வந்ததும் பார்த்து, தாம் எழுதியதையும் அவர்கள் எடுத்ததையும் ஒப்புநோக்குவார். சிற்சில வேளைகளில் இரண்டு பிரதிகள் எழுதுவதும் உண்டு: ஒன்று தமது முறைப்படி, மற்றொன்று படமெடுப்பவர்கள் எவ்வாறு செய்வார்கள் என்று தாம் ஊகித்த முறைப்படி.

அன்பர்களே, இப்பழக்கத்தின் பயனைச் சிறிது சிந்தியுங்கள். படம் பார்த்தபின் அபிப்பிராயம் கூறுதல் எவர்க்கும் எளிது. 'நன்று' என்பதற்கும் 'நன்றன்று' என்பதற்கும் உழைப்பு வேண்டுவதில்லை. முன்னரே தன் விடையை எழுதி வைத்தவனுக்கோ அந்தச் சௌகரியம் இல்லை. தான் பத்து வசனங்களால் சொல்லியதை மற்றவர் ஒரு பார்வையால் சொல்லியிருப்பதைக் காணும்பொழுது அவன் நாணுகிறான். தான் விட்ட இடம் இது என அறிகிறான். மற்றவர் சறுக்கிய இடத்தில் தான் நேரே நடந்திருப்பதைக் காணும்பொழுது துணிவு கொள்கிறான். அவ்விரு பிரதிகளுக்கும் இடையிலுள்ள தூரமே அவனுடைய ஆசிரியர். அவ்வாசிரியர் முகத்துதி செய்வதில்லை, கட்டணமும் கேட்பதில்லை.

1947-இல் ராயும் சிதானந்த தாஸ்குப்தரும் நண்பர் சிலரும் கூடிக் கல்கத்தா பிலிம் சொசைட்டியை நிறுவினர். பிறநாட்டுப் படங்களைத் தருவித்துப் பார்த்தனர். பார்த்தவற்றைப் பற்றி விவாதித்தனர். ஐஸன்ஸ்டைன் 1925-இல் எடுத்த 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' அங்குத் திரையிடப்பெற்றவற்றுள் ஒன்று. தனியே கற்றவன் தன் தவற்றையே மெய்யென்று பற்றிக்கொள்ளக் கூடுமாதலின், கூடிக் கற்றலும் அவசியமாயிற்று. அடுத்த ஆண்டில், இந்தியப் படங்களிலுள்ள குறைகளை ஆராய்ந்து 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் ராய் ஒரு கட்டுரையும் வெளியிட்டார்.

அக்காலத்திலேயே தாகூரின் 'வீடும் வெளியும்' என்ற நாவலுக்கு ராய் எழுதிய திரைக்கதை படமாவதற்கு ஏற்பாடாயிற்று. படமுதலாளி சில மாற்றங்களை வேண்டினார், ராய் இசையவில்லை, முயற்சி நின்றது. அப்பொழுது அது பெரிய ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து அப்பிரதியை மீண்டும் படித்தபொழுது, அது மேலெழுந்தவாரியாகவும் ஹாலிவுட் வாடை வீசுவதாகவும் இருக்கக் கண்டு, படம் நின்றதே நலமாயிற்று என்று அவர் கருதினார். அதே நாவலைப் புதிதாக எழுதி 1984-இல் படமாக்கினார். பிறர் படத்தை அளந்த கோலினால் தம் எழுத்தையும் அளந்தார் என்பதை நோக்குக.

1949-இல் பிரெஞ்சு டைரக்டர் ழான் ரென்வார் 'நதி' என்னும் படத்திற்கு இடம் பார்க்கக் கல்கத்தாவிற்கு வந்தார். ராய் வலியச் சென்று அவரைக் கண்டு, விடுமுறை நாட்களில் அவருடன் கிராமங்களைச் சுற்றினார். ஹாலிவுட்டின் பிடியினின்று விடுபட்டுத் தமக்கென ஒரு நடையைக் காணின் இந்நாட்டிலேயே சிறந்த படங்கள் பிறக்கும் என்பது ரென்வார் அளித்த அறிவுரையின் சாரம். கிராமத்து வாழை மரத்தையும் குளத்தையும் அந்நியர் ஒருவர் வியந்து நோக்கியதைக் கண்டபொழுது, அன்றாடம் கண்முன் கிடந்தவை யாவும் ராய்க்குப் புதியனவாயின.

1950-இல் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கிருந்த சில மாதங்களுள் அவர் பார்த்த படங்கள் 99. அவற்றுள் இத்தாலிய டைரக்டர் டி சீகா 1948-இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' அவர் வாழ்க்கைப் போக்கையே முடிவுசெய்தது. ரோமாபுரியில் ஒரு தொழிலாளியின் சைக்கிள் களவு போகின்றது, அவனும் அவன் சிறு மகனும் அதனைத் தேடித் தெருத்தெருவாக அலைகின்றனர், கதை இவ்வளவே. நட்சத்திரங்களின்றி, தொழில்முறை நடிகரல்லாதாரைக் கொண்டு, உண்மையான வீதிகளிலே அது எடுக்கப்பட்டிருந்தது. ராய் பல்லாண்டுகளாக மனத்தில் எழுதி வந்த பிரதியும் திரையில் ஓடிய பிரதியும் முதன்முறையாக அங்கு ஒத்துப்போயின எனலாம். ஊர் திரும்பும் கப்பலிலேயே 'பதேர் பாஞ்சாலி'க்குரிய குறிப்புகளை எழுதத் தொடங்கினார்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி முதற்காட்சி படமாக்கப்பட்டது. வெண்ணிற நாணற்பூக்கள் நிறைந்த வெளியில் சிறுவன் அப்பு தன் தமக்கையைத் தேடி நடக்க வேண்டும். பையன் இயந்திரம்போல் நடந்தான். ராய் அவன் வழியிற் சிறு சுள்ளிகளைப் போடச் செய்து, உதவியாளரை அங்கங்கே மறைந்து நின்று அழைக்கச் செய்தார், பையன் தயங்கித் திரும்பி நடந்தான், காட்சி உயிர்பெற்றது. எஞ்சிய பகுதியை எடுக்க மீண்டும் சென்றபொழுது பூக்கள் யாவற்றையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவம்வரை காத்திருக்க நேர்ந்தது.

பணமுடையோ இதனினும் கொடிது. ராய் தம் இன்ஷியூரன்ஸ் பத்திரத்தின்மேற் பணம் பெற்றார், இசைத்தட்டுகளை விற்றார், மனைவி பிஜயா அம்மையாரின் நகைகள் அடகு சென்றன. வேலை பன்முறை நின்றது. இறுதியில் தாயாரின் முயற்சியால், அறிந்தார் ஒருவர் வழியாக, மேற்கு வங்க முதன்மந்திரி டாக்டர் பி. ஸி. ராயிடம் விஷயம் சென்று, சர்க்கார் பொருளுதவி கிட்டியது. இவ்வளவு இடரிலும் ராய் தம் உத்தியோகத்தை விட்டாரல்லர். விடுமுறை நாட்களிலேயே பெரும்பாலும் படமெடுத்தார். 1955-இல் படம் வெளியாயிற்று. 1956-இல் பிரான்ஸ் தேசத்துக் கான் நகர விழாவில் 'சிறந்த மனித ஆவணம்' என்னும் பரிசையும் பெற்றது.

அத்துணை ஆண்டுக் கல்வி திரையில் எங்ஙனம் கனிந்தது என்பதற்கு ஓரிடத்தைக் காட்டுவோம். தமக்கை துர்க்கா ஒரு மணிமாலையைத் திருடினாள் எனப் பழி சுமத்தப்படுகின்றாள், அவள் மறுக்கின்றாள். பின்னர் அவள் நோயுற்று இறக்கின்றாள். குடும்பம் ஊரை விட்டுப் புறப்படும் வேளையில், அவள் மறைத்து வைத்த மாலை அப்புவின் கையில் அகப்படுகின்றது. அவன் ஒருவரிடமும் ஒன்றும் கூறாமல் ஓடிச் சென்று அதனைக் குளத்தில் எறிகின்றான். நீரின்மேற் படர்ந்த பாசி விலகி, மெல்ல மெல்ல மீண்டும் கூடி மூடிக்கொள்கின்றது. தமக்கையின் குற்றமும், தம்பியின் அன்பும், இனி அதனை எவரும் அறியார் என்பதும் அம்மூடுதலில் அடங்கிவிட்டன. வசனம் ஒன்றேனும் இல்லை. இவ்விடத்தில் ஒரு வசனத்தைச் சேர்த்துப் பார்மின். காட்சி அக்கணமே சுருங்கிவிடும். 'படத்தை ஆராய்தல்' என்பது இவ்வகைச் சோதனையேயாகும்.

இனி நம் இளைஞருக்கு ஒரு வார்த்தை. இன்று மாஸ்கோவில் 1919-இலும் பூனாவில் 1960-இலும் நிறுவப்பட்டவை போன்ற கல்லூரிகள் உள்ளன. படத்தை விரும்பிய இடத்தில் நிறுத்தவும், நூறு முறை திரும்பப் பார்க்கவும் கருவிகள் நம் கையிலேயே உள்ளன. ராய்க்கு இல்லாத வசதி நமக்கு உண்டு. ராயிடம் இருந்த குறிப்புப் புத்தகம் நம்மிடம் உண்டா? நிறுத்திப் பார்க்கலாம் என்னும் நம்பிக்கையே கூர்ந்து பார்க்கும் பழக்கத்தைக் கெடுத்துவிடுதலும் உண்டு. ஒரு கதையைப் படியுங்கள். அது எவ்வாறு படமாதல் வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். பின்னர்ப் படத்தைப் பார்த்து ஒப்புநோக்குங்கள். ஓராண்டு இதனைச் செய்தவர் பழைய கண்களோடு கொட்டகையினின்று திரும்பார்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. 'படம் பயிலப் போகின்றேன்' என்று பிள்ளையோ பெண்ணோ கூறின், உடனே கடியவும் வேண்டா; உடனே கடன்பட்டுக் கட்டணம் செலுத்தவும் வேண்டா. 'உன் குறிப்புப் புத்தகத்தைக் காட்டு' என்று கேளுங்கள். அதில் நட்சத்திரங்களின் பெயர்களே நிறைந்திருப்பின் இன்னும் சிறிது காலம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். தானே எழுதிய பிரதியும், அதனருகே தன் கையாலேயே குறித்த பிழைகளும் இருக்குமாயின், அங்கு ஒரு மாணாக்கர் தோன்றிவிட்டார் என்று அறிந்து, சுப்ரபா தேவியாரும் பிஜயா அம்மையாரும் நின்றவாறு துணை நில்லுங்கள். அத்துணை வீண்போகாது.